திறக்காமல் ஒரு குறி

முதல் தடவை அது நடந்தபோது யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் உறைந்துபோய் நின்றது, அவ்வளவுதான்.

எழிலரசி அப்போது டாக்டர் சகாதேவனின் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழ்பென்னாத்தூரில் பிறந்து, பெங்களூரில் ஆறு வருஷம் வேலை பார்த்து, 2001-ல் அங்கே வேலை பார்த்த கம்பெனி மூடியதும் திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தவள். சின்னக்கடைத் தெருவில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் அறை. காலையில் ஆஸ்பத்திரி. மிச்சப் பொழுதெல்லாம் கெர்னல். கம்ப்யூட்டரில் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்து டிஸ்க்கையும் வயர்களையும் ஆள்கிற நிரல் அது. உலகம் முழுக்கப் பல ஆயிரம் பேர் சேர்ந்து சம்பளமில்லாமல் எழுதுகிற கெர்னல் ஒன்று உண்டு. அதை எழுதுகிறவர்களில் அவளும் ஒருத்தி. பெங்களூர் போனதில் அவளுக்கு மிஞ்சிய ஒரே சொத்து என்று அதைச் சொல்லிக்கொள்வாள்.

அன்று ரத்த வங்கியின் கம்ப்யூட்டரில் இருந்த கோப்புகளுக்கு எல்லாம் 'இது ரத்த வங்கியைச் சேர்ந்தது' என்று ஒரு குறி போட்டுக்கொண்டிருந்தாள். எந்தப் பிரிவு டிஸ்க்கில் எவ்வளவு இடம் எடுக்கிறது என்று கணக்குப் பார்க்க டாக்டர் கேட்டிருந்தார். பாதியில் கட்டளை நின்றுபோனது.

"இன்னாடி, தூங்கிப் போச்சா?" என்றாள் கஸ்தூரி, டீ டம்ளரோடு வந்து எட்டிப் பார்த்து.

கஸ்தூரி ரத்த வங்கியின் டெக்னீஷியன். இருவரும் கீழ்பென்னாத்தூர் பெண்கள் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். எழிலரசிக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே கஸ்தூரிதான்.

"தூங்கல. காத்துக்கினு இருக்குது."

"யாருக்கு?"

எழிலரசி சிரித்துவிட்டாள். சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். கஸ்தூரிக்கு எதையும் சுருக்கிச் சொன்னால் பிடிக்காது.

"ஃபைல்ல ரெண்டு சாதி இருக்குதுடி. ஒண்ணு சும்மா எழுத்து, படம் வச்சிருக்கறது. இன்னொண்ணு பேருக்குத்தான் ஃபைல். பேர் டிஸ்க்ல இருக்கும், ஆனா பின்னாடி ஒரு மெஷின் இருக்கும், இல்லன்னா இன்னொரு புரோகிராம் இருக்கும். சிறப்புக் கோப்புன்னு சொல்லுவாங்க. நீ அதைத் திறந்தா ஃபைலைத் திறக்கல, பின்னாடி இருக்கறதை எழுப்பற."

"சரி."

"எனக்கு பின்னாடி இருக்கறது வேணாம். பேர் மேல ஒரு குறி போடணும், அவ்வளவுதான். ஆனா கெர்னல் இன்னா சொல்லுதுன்னா, முதல்ல திற, அப்புறம் குறி போடுன்னு. இப்ப நிக்கற ஃபைல் ரெண்டு புரோகிராமுக்கு நடுவுல ஒரு குழாய். அந்தப் பக்கம் யாராவது பிடிச்சாதான் திறக்கும். யாரும் பிடிக்கல. அதான் நிக்குது."

கஸ்தூரி டம்ளரை வைத்தாள். "வீட்டுக் கதவு மேல நம்பர் எழுதறதுக்கு, கதவைத் திறந்து உள்ள இருக்கறவங்களை எழுப்பணுமா? இன்னா கூத்துடி இது."

"அதான் கூத்து."

"திறக்காமலே எழுதற மாதிரி ஒண்ணு செய்யேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. 2003 ஆடி மாதம்.

எழுதுவது கஷ்டமாக இருக்கவில்லை. கோப்பைத் திறந்து கையில் எடுத்துக்கொண்டு குறி போடுவதற்குப் பதிலாக, அது இருக்கும் இடத்தையும் பேரையும் மட்டும் கெர்னலிடம் சொன்னால், கெர்னலே டிஸ்க்கில் போய்க் குறியை மாற்றும். பின்னால் இருக்கும் மெஷினுக்குத் தெரியவே தெரியாது. அதற்கு ஒரு புது சிஸ்டம் கால் வேண்டும். நிரல்கள் கெர்னலைக் கூப்பிடும் வாசல்களுக்கு அதுதான் பெயர். எழிலரசி ஒரு வாரத்தில் எழுதி, சோதித்து, கெர்னல்காரர்களின் மெயிலிங் லிஸ்ட்டுக்கு அனுப்பினாள். டயல்-அப் இணைப்பில் மோடம் கத்திக் கத்தி அந்த மெயில் போய்ச் சேர்ந்தது.

கஷ்டம் அதற்குப் பிறகுதான் வந்தது.

முதல் பதிலில், காத்திருக்காமல் திறக்க ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறதே, அதை உபயோகித்தால் போதாதா என்று கேட்டார்கள். போதாது, குழாய்க்கு அது சரி, ஆனால் மெஷின் கோப்பு என்றால் எப்படித் திறந்தாலும் மெஷின் விழித்துக்கொள்ளும் என்று எழுதினாள். ஒப்புக்கொண்டார்கள். நாளைக்குக் குறிகளோடு இன்னொரு விவரமும் சேர்க்க வேண்டி வந்தால் என்ன செய்வாய் என்று அடுத்துக் கேட்டார்கள். அனுப்பும் விவரத்தின் அளவையும் கூடவே அனுப்பும்படி மாற்றினாள். பேர் இன்னொரு பேரைச் சுட்டுகிற இணைப்பாக இருந்தால் எதன் மேல் குறி விழ வேண்டும் என்று வேறொருவர் கேட்டார். அதற்கும் ஒரு பகுதி எழுதினாள். மாசி மாதம் ஆகிவிட்டது. ஒவ்வொரு கேள்வியும் நியாயமாகவே இருந்தது. ஒவ்வொரு தடவையும் அவளுடைய வடிவம் முன்பைவிட நன்றாகவே ஆனது. அதில் அவளுக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

கடைசியில் அந்தப் பகுதியின் பொறுப்பாளர் எழுதினார். அவர் எந்த நாட்டுக்காரர் என்று அவளுக்குத் தெரியாது. மரியாதையான மனிதர். 'வேலை நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு சிஸ்டம் காலைக் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்க முடியாது. என்றைக்கும் அதைச் சுமக்க வேண்டும். இது இல்லாமல் நிஜமாகவே கஷ்டப்படுகிற ஒருவரைக் காட்டுங்கள். அதுவரை இருக்கட்டும்.'

எழிலரசி அதைப் படித்துவிட்டு மாடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அவர் சொன்னதில் தப்பு இல்லை. அவள் அந்த இடத்தில் இருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பாள்.

"நான்தான் கஷ்டப்படறேன்னு எழுதேன்," என்றாள் கஸ்தூரி.

"ஒரு கட்டளை நின்னு போச்சுன்னா கஷ்டமாடி? கன்ட்ரோல்-சி அழுத்தினா போயிடும்."

"அப்ப விடு. கஷ்டம் வர்றப்ப வரட்டும்."

2004 சித்ரா பௌர்ணமி அன்று எழிலரசி ஊரில் இல்லை. அண்ணன் மகனுக்குக் காது குத்து என்று முதல் நாளே கீழ்பென்னாத்தூர் போயிருந்தாள்.

சென்னையிலிருந்து ஒரு மென்பொருள் கம்பெனியின் ஆள் அந்த வாரம் வருவதாக இருந்தது. ஆஸ்பத்திரியின் எல்லாக் கோப்புகளுக்கும் பிரிவுவாரியாகக் குறி போடுகிற ஒரு நிரலை டாக்டர் அவர்களிடம் வாங்கியிருந்தார். எழிலரசி செய்து தந்தது அவருக்குத் திருப்தியில்லை, ரத்த வங்கியிலும் லேபிலும் சில கோப்புகள் விட்டுப்போகின்றன என்று குறைப்பட்டுக்கொண்டார். விட்டுப்போனவை சிறப்புக் கோப்புகள். அவள் வேண்டுமென்றுதான் அவற்றை விட்டிருந்தாள். "அந்த ஆள் வந்தா நான் இருக்கறப்ப போடச் சொல்லுங்க சார்," என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். டாக்டரும் சரி என்றார். ஆனால் அந்த ஆள், பௌர்ணமிக்கு வந்தால் வேலையை முடித்துக்கொண்டு அப்படியே மலையும் சுற்றிவிடலாம் என்று அன்றைக்கே வந்துவிட்டான். டாக்டருக்கு அவள் சொன்னது ஞாபகமில்லை.

ரத்தப் பைகள் இருந்த குளிர்பெட்டிக்கு ஒரு சின்ன மின்னணுப் பலகைதான் மூளை. குளிர் இவ்வளவு இருக்க வேண்டும் என்று அதற்கு ஒரு கேபிள் வழியாகக் கம்ப்யூட்டரிலிருந்து சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பெட்டியைப் பொருத்தியவர்கள் அந்தக் கேபிளைக் கழற்றாமலே போய்விட்டார்கள். அதற்கான சிறப்புக் கோப்பும் ரத்த வங்கியின் கோப்புகளோடு கோப்பாக அங்கேயே கிடந்தது. அதை யாரும் ஒரு வருஷமாகத் திறக்கவில்லை.

காலை பத்து மணி வாக்கில் சென்னை ஆளின் நிரல் வரிசையாக ஒவ்வொரு கோப்பாகத் திறந்து, குறி போட்டு, மூடிக்கொண்டே போனது. அந்தக் கோப்பையும் திறந்தது. திறந்த கணத்தில் கேபிளின் ஒரு கம்பியில் மின்சாரம் ஏறியது. பலகை அதைப் 'புதிதாகத் தொடங்கு' என்று எடுத்துக்கொண்டது. தொடங்கி, தன் பொத்தானை யாராவது அழுத்தி 'ஆமாம், ஓடு' என்று சொல்வதற்காகக் காத்திருந்தது. விளக்கு எரிந்தது. எண்கள் தெரிந்தன. கம்ப்ரஸர் மட்டும் ஓடவில்லை. குளிர் குறைந்தால் கத்த வேண்டிய மணியும் அதே பலகையின் பொறுப்பில்தான் இருந்தது. அதுவும் காத்திருந்தது.

நிரல் 'எல்லாக் கோப்புகளும் முடிந்தன' என்று சொன்னது. அந்த ஆள் சாப்பிடப் போனான்.

கஸ்தூரி காலையில் வந்ததும் பெட்டியைப் பார்த்திருந்தாள், நாலு டிகிரி. விதிப்படி அடுத்துச் சாயங்காலம் பார்க்க வேண்டும்.

பிரசவ வார்டில் ஆதிலட்சுமி என்று ஒரு இருபத்திரண்டு வயதுப் பெண் இருந்தாள். அடி அண்ணாமலையைச் சேர்ந்தவள், முதல் பிரசவம். அவளுடைய ரத்தம் ஓ நெகட்டிவ். சுலபத்தில் கிடைக்காத வகை என்பதால் நாலு பைகளை முன்கூட்டியே வேலூரிலிருந்து வரவழைத்து அந்தப் பெட்டியில் வைத்திருந்தார்கள். மதியத்துக்கு மேல் பெண் குழந்தை பிறந்தது. குழந்தை நன்றாக அழுதது. ஆதிலட்சுமிக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை.

நர்ஸ் ஓடிவந்து பை கேட்டாள். கஸ்தூரி பெட்டியைத் திறந்து ஒரு பையைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள். பை சில்லென்று இல்லை. எண்ணைப் பார்த்தாள், பதினாறு.

அவளால் அந்தப் பையைக் கொடுக்க முடியாது. கெட்டுப்போன ரத்தத்தை ஏற்றினால் அதுவே கொன்றுவிடும். டாக்டர் சகாதேவன் வந்து கத்தினார். "எப்படிம்மா இவ்ளோ சூடாச்சு? கதவைத் திறந்து போட்டுட்டுப் போனியா?" கஸ்தூரி இல்லை சார் இல்லை சார் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். வேலூருக்குப் போன் போட்டார்கள். வண்டி உடனே புறப்பட்டது. ஆனால் அன்று சித்ரா பௌர்ணமி. நகரத்துக்குள் வரும் சாலைகளிலெல்லாம் பஸ்களும் வேன்களும் ஜனங்களும் அடைந்து கிடந்தார்கள். போலீஸ்காரர்கள் வழி விலக்கிக் கொடுத்தும் வண்டி ஆள் நடக்கிற வேகத்தில்தான் நகர்ந்தது. மலை சுற்றும் பாதையில் மைக்கில் அறிவித்தார்கள். லட்சம் பேர் நடந்துகொண்டிருந்ததில் அந்த வகை ரத்தம் உள்ள இரண்டு பையன்கள் ஓடி வந்தார்கள். அவர்கள் ரத்தத்தை எடுத்துச் சோதித்துக்கொண்டிருக்கும்போதே ஆதிலட்சுமி இறந்துபோனாள். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது.

எழிலரசி மறுநாள் காலையில்தான் வந்தாள். பஸ் ஸ்டாண்டிலேயே செய்தி தெரிந்துவிட்டது. ரத்த வங்கிப் பொண்ணு ஃபிரிட்ஜ் கதவைச் சாத்தாமல் போய்விட்டாளாம், ஒரு உயிர் போய்விட்டதாம் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போனாள். கஸ்தூரி இல்லை. வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். பெட்டி காலியாக, பொத்தான் ஓரத்தில் ஒரு சின்ன விளக்கு மினுக்கியபடி, யாராவது அழுத்துவதற்காக இன்னமும் காத்துக்கொண்டிருந்தது. எழிலரசி குனிந்து அந்த மினுக்கலைப் பார்த்தாள். கதவு திறந்து கிடந்தால் பெட்டி சூடாகும், ஆனால் கம்ப்ரஸர் இன்னும் வேகமாக ஓடும், இப்படிக் காத்திருக்காது. நேற்று யாராவது கம்ப்யூட்டரைத் தொட்டார்களா என்று வரவேற்பில் இருந்த பெண்ணைக் கேட்டாள். சென்னை ஆள் வந்து போனதைச் சொன்னாள் அந்தப் பெண்.

எழிலரசி பொத்தானை அழுத்தினாள். கம்ப்ரஸர் உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. டாக்டரைக் கூட்டி வந்தாள்.

"சார், இதைப் பாருங்க. நான் எதையும் மாத்தல. இந்த ஃபைலைத் திறக்கறேன், மூடறேன். அவ்வளவுதான்."

என்ட்டரைத் தட்டினாள். பெட்டியின் எண்கள் ஒரு கணம் அணைந்து திரும்ப வந்தன. உறுமல் நின்றது. அறை சட்டென்று அமைதியாகிவிட்டது.

டாக்டர் பெட்டியின் பக்கவாட்டில் கை வைத்துப் பார்த்தார். அவர் முட்டாள் இல்லை. "இன்னொரு தடவை செய்," என்றார். செய்தாள். மறுபடியும் நின்றது.

"அந்தச் சென்னைக்காரன் புரோகிராம் இதைத்தான் பண்ணுச்சா?"

"ஆமா சார். அவனுக்கும் தெரியாது. கெர்னல்ல வேற வழி இல்ல. குறி போடணும்னா திறந்துதான் ஆகணும். திறக்காம போடறதுக்கு ஒரு வழி நான் எழுதினேன். இன்னும் சேர்க்கல."

"புரியுது," என்றார் டாக்டர். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார். "புரியுதும்மா. ஆனா இதை வெளிய யாருகிட்ட சொல்றது? போலீஸ்கிட்டயா? ஃபைலைத் திறந்தாங்க, பொம்பள செத்துப் போச்சுன்னு சொல்றதா? பைத்தியக்கார ஆஸ்பத்திரின்னு சொல்லுவான். மெஷின் தப்புன்னா மெஷினை வாங்கினது நான். புரோகிராம் தப்புன்னா அதைப் போடச் சொன்னது நான். நாப்பது பேர் இங்க வேலை செய்யறாங்க."

"கஸ்தூரி சார்?"

"கஸ்தூரிக்கு நான் இன்னா செய்யணுமோ செய்யறேன். கேஸ் ஆகாம பாத்துக்கறேன். வேலை வேற எங்கயாச்சும் கிடைக்கும்."

"அவ தப்பே செய்யல சார்."

"தெரியும்," என்றார் அவர். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த அறையை விட்டுப் போகும் முன் எழிலரசி ஒரு காரியம் செய்தாள். டாக்டரின் கண்ணெதிரே அந்தக் கேபிளைப் பிடுங்கி, கத்தரியால் நறுக்கிக் குப்பையில் போட்டாள். அன்றோடு அந்த வேலையையும் விட்டாள்.

மாடி அறைக்கு வந்து மெயிலிங் லிஸ்ட்டுக்கு எழுத உட்கார்ந்தாள். கஷ்டப்படுகிற ஒருவரைக் காட்டு என்றார்களே, இதோ. எழுதி எழுதி அழித்தாள். 'இருபத்திரண்டு வயது' என்று எழுதினாள். அழித்தாள். அங்கே அப்படி எழுதுகிற வழக்கமில்லை. கடைசியில், எந்தக் கோப்பு, திறந்தால் எந்தக் கம்பியில் மின்சாரம் ஏறியது, பலகை என்ன செய்தது என்று வரிசையாக எழுதி, முடிவில் ஒரே வரி சேர்த்தாள்: 'இதனால் ஒரு நோயாளி இறந்தார்.' தான் முன்பு எழுதிய மாற்றத்தை, அவர்கள் பேச்சில் பேட்ச்சை, புதிய கெர்னலுக்குப் பொருந்தும்படி சரிசெய்து கூடவே வைத்தாள்.

பதில்கள் வந்தன. பொறுப்பாளர் முதலில் எழுதினார். 'மிகவும் வருந்துகிறேன். ஆனால் திறந்த உடனே தன்னைத் தானே தொடங்கிக்கொள்ளும் பலகையின் வடிவம்தான் தவறு. அதைச் சோதிக்காமல் திறந்த நிரலும் தவறு. கெர்னல் சொன்னதைச் செய்தது.' இன்னொருவர், குறி போடும் நிரல்கள் சிறப்புக் கோப்புகளை விட்டுவிட்டால் போதும், அதற்கு நாலு வரிதான் ஆகும் என்று எழுதி, அந்த நாலு வரியையும் தந்திருந்தார். மூன்றாமவர் அவளுடைய விவர அமைப்பில் இரண்டு பகுதிகளுக்கு நடுவே நாலு பைட் வெற்றிடம் இருப்பதைக் கண்டுபிடித்தார். அது எல்லாக் கணினிகளிலும் ஒரே மாதிரி இருக்காதே என்றார். இருக்கும் என்றார் நாலாமவர். அங்கிருந்து பேச்சு அந்த நாலு பைட்டைப் பற்றியே ஆகிவிட்டது. பத்து நாள் வாதாடினார்கள். கெட்டிக்காரத்தனமான, அழகான வாதங்கள். வேறு சமயமாக இருந்தால் எழிலரசியும் ஆசையோடு கலந்துகொண்டிருப்பாள். ஒவ்வொரு மெயிலும் இறங்கி முடிக்கும் வரை திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆதிலட்சுமி எந்த மெயிலிலும் மறுபடி வரவில்லை. பிறகு வேறு ஒரு விஷயத்தில் எல்லோருக்கும் சண்டை வந்து, இதை அப்படியே விட்டுவிட்டார்கள்.

புரிகிறவர்களுக்கு அது ஒரு பொருட்டாக இல்லை. பொருட்டாக இருந்தவர்களுக்காவது சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனி மாதம் ஒரு காலையில் ஆட்டோ பிடித்து அடி அண்ணாமலைக்குப் போனாள்.

ஆதிலட்சுமியின் புருஷன் முருகையன் மலை சுற்றும் பாதையோரம் சின்னதாக ஒரு கடை வைத்திருந்தான். தண்ணீர் பாட்டில், சோடா, பிஸ்கட். பௌர்ணமி இல்லாத நாள் என்பதால் பாதை வெறிச்சென்று கிடந்தது. உள்ளே அவன் அக்கா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழிலரசி தான் யார் என்று சொன்னதும் முருகையன் ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டான்.

"கஸ்தூரி கதவைத் திறந்து வைக்கலீங்க. நான் ரெண்டு தடவை சோதிச்சுப் பாத்தேன். டாக்டரும் பாத்தார். அது தானா நின்னு போச்சு."

"தானா எப்படிம்மா நிக்கும்? யாராச்சும் நிறுத்தினாத்தான நிக்கும்."

அவள் சொன்னாள். கஸ்தூரிக்குச் சொன்ன மாதிரியே, எதையும் சுருக்காமல், கதவு, நம்பர், உள்ளே இருப்பவரை எழுப்புவது என்று சொன்னாள். அவன் தலையைக் குனிந்து கவனமாகக் கேட்டான். நடுவில் ஒருத்தர் வந்து சோடா கேட்டபோது, இல்லை என்று அனுப்பிவிட்டான்.

"அப்ப யார் மேல தப்பு?"

"ஒருத்தர் மேலன்னு சொல்ல முடியலீங்க. அந்தப் பலகை செஞ்சவங்க, கேபிளைக் கழட்டாம போனவங்க, அந்த புரோகிராம் எழுதினவங்க, கெர்னல் எழுதற நாங்க... எல்லார் மேலயும் கொஞ்சம் கொஞ்சம்."

"கொஞ்சம் கொஞ்சமா எப்படி?" என்றான் முருகையன். குரல் உயரவில்லை. "எம் பொண்டாட்டி முழுசா இல்ல செத்துப் போனா."

அவன் சோடா பாட்டில்களை நேராக நகர்த்தி வைத்தான்.

"நீ பொய் சொல்லலம்மா. உன் மூஞ்சப் பாத்தாலே தெரியுது. ஆனா எனக்கு அந்தப் பொண்ணு பேர் ஒண்ணுதான் மிச்சம். காலையில எழுந்ததும் அவளைத் திட்டிட்டுத்தான் கடை திறக்கறேன். அவளைத் திட்டலன்னா அந்தக் கோவத்தை வச்சிக்கினு நான் இன்னா பண்றது? இந்தக் குழந்தையத்தான் பாக்கணும். இது பொறந்ததாலதான்னு நெனைப்பு வந்துடுமோன்னு பயமா இருக்குது." அவன் எழுந்து நின்றான். "அதையும் புடுங்கிட்டுப் போகாத. போயிடும்மா."

அக்காக்காரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டாள். எழிலரசி ஆட்டோவுக்குக் காத்திருக்காமல் வெயிலில் நடந்தே ஊருக்கு வந்தாள்.

அந்த வருஷக் கடைசியில் சென்னையில் ஒரு வேலை கிடைத்தது. கடைகளுக்குப் பில் போடும் நிரல் எழுதுகிற வேலை. மெயிலிங் லிஸ்ட்டிலிருந்து தன் பேரை எடுத்துவிட்டாள். பேட்ச்சைத் தொடர்ந்து எடுத்துச் செய்யலாமா என்று எங்கிருந்தோ ஒரு மாணவன் தனியாக எழுதிக் கேட்டிருந்தான். தாராளமாகச் செய்துகொள்ளுங்கள் என்று எல்லாவற்றையும் அனுப்பி வைத்தாள். அவனிடமிருந்து பிறகு தகவலே இல்லை.

சென்னைக்குக் கிளம்பும் முன் கீழ்பென்னாத்தூருக்குப் போய்க் கஸ்தூரியைப் பார்த்தாள். டாக்டர் சொன்னபடி கேஸ் ஆகவில்லை. ஆனால் திருவண்ணாமலையில் எந்த ஆஸ்பத்திரியும், எந்த லேபும் கஸ்தூரியை வாசலுக்குள் விடவில்லை. ஊரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை உடைக்கும் மில்லில் மூட்டை எடை போட்டுக்கொண்டிருந்தாள். தலைமுடியெல்லாம் தூசி. எழிலரசியைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். சிரிக்கவில்லை, கோபமாகவும் இல்லை.

"கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போலாம்டி. நான் வந்து சொல்றேன். அந்தப் பலகை மாதிரியே ஒண்ணு வாங்கி, ஜட்ஜ் முன்னாடியே செஞ்சு காட்டறேன். உம் பேர் சுத்தமாயிடும்."

கஸ்தூரி பக்கத்திலிருந்த வேப்பமர நிழலுக்கு நகர்ந்து நின்றாள்.

"நீ சொல்றது நெஜம்னு எனக்கும் தெரியும். நான் கதவைச் சாத்தினேன். சாத்தினது என் கைக்கு ஞாபகம் இருக்குது."

"அப்புறம் இன்னாடி?"

"மதியம் அந்தப் பெட்டியத் தாண்டி மூணு தடவை போனேன். ஒரு தடவை சாப்பாட்டு டப்பா எடுக்க. ஒரு தடவை கை கழுவ. இன்னொண்ணு எதுக்குன்னே ஞாபகம் இல்ல. விளக்கு எரிஞ்சிக்கினுதான் இருந்துச்சு. திரும்பி எண்ணைப் பாத்திருந்தா போதும். சத்தம் வரலியேன்னு ஒரு தடவையாச்சும் தோணியிருக்கலாம். அவ்ளோ நாள் அந்தச் சத்தத்துலதான குந்திக்கினு இருந்தேன்."

"ரெண்டு தடவை பாத்தா போதும்னுதான ரூல். நீ ரூல்படிதான் செஞ்ச."

"ரூலுக்குப் போதும்டி," என்றாள் கஸ்தூரி. "எனக்குப் போதல."

எழிலரசி அவள் கையைப் பிடித்தாள். கஸ்தூரி கையை இழுத்துக்கொள்ளவில்லை, திரும்பப் பிடிக்கவும் இல்லை.

"நீ ஒவ்வொருத்தர்கிட்டயா போய்ச் சொல்லிக்கினு இருக்கறன்னு கேள்விப்பட்டேன். அந்தாளு வீட்டுக்கும் போனியாமே. வேணாம், நிறுத்திக்க. நீ ஒவ்வொரு தடவை சொல்றப்பவும் அன்னிக்கு மதியம் எனக்குத் திரும்ப வருது."

"எனக்குத் தூக்கமே வரலடி."

"எனக்கு மட்டும்?"

உள்ளேயிருந்து மேஸ்திரி கூப்பிட்டார். கஸ்தூரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சென்னையில மழையாம், குடை எடுத்துக்கினு போ," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். மில் ஓட ஆரம்பித்தது. எழிலரசி கொஞ்ச நேரம் நிழலிலேயே நின்றாள். பிறகு பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தாள்.